பழைய பைபர் போட் ஒண்டு கைக்கு வந்திரிக்கி, வீட்டிலயே வெச்சுத் திருத்தலாமா?

கல்லடிப்பொடியன்:

வணக்கம் அண்ணாமார், நானாமார் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட மாமாட 18 அடி பைபர் போட் ஒண்டு வளவுக்குள்ள தென்னைக்குக் கீழ கனகாலமாக் கிடக்கு. சுனாமிக்குப் புறகு ஊரெல்லாம் குடுத்தாங்களே, அந்த நேரத்துப் போட். மாமா கொஞ்சக் காலம் தொழிலுக்குக் கொண்டுபோனவர், மறுகா கட்டாருக்குப் போய்ட்டார், போட் நிமிந்தபடியே கிடந்து மழைத்தண்ணி நிரம்பி சருகு உக்கி, போன மாரிக்கு பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து உள்ளுக்கு நுளம்புக் குடம்பி இரிக்கெண்டு சொல்லி ஒண்டில் கவுத்துப் போடுங்க இல்லாட்டி அப்புறப்படுத்துங்க எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போனார். மாமாட்டக் கேட்டா "உனக்கு வேணுமெண்டா எடு, இல்லாட்டி ஆருக்கும் குடு" எண்டுறார். எனக்குக் குடுக்க மனமில்ல.

நிலவரம் என்னெண்டா, வெளியால நீலப் பெயின்ட் செதில் செதிலாக் கழருது, அதுக்குக் கீழ இரிக்கிற ஜெல்கோட் எண்டுற மேல்பூச்சு கையால தடவினா வெள்ளையா மா மாதிரி ஒட்டுது. அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு. அடியில நடுப்பகுதி, மணல்ல இழுபட்ட இடம், அதில நூல் நூலா பைபர் வெளிய தெரியுது. எஞ்சின் பூட்டுற பின்பலகை பார்வைக்கு நல்லாத்தான் இரிக்கி, ஆனா போல்ட் ஓட்டைக்குக் கிட்ட விரலால அமத்தினா மண்ணிறத் தண்ணி கசியிது. இன்னொண்டு, முந்தி ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேர் நிண்டா தூக்கலாம் எண்டு மாமா சொல்றார், இப்ப எட்டுப் பேர் பிடிச்சும் ஒருபக்கம் சரிக்கத்தான் முடிஞ்ச.

நான் வயரிங் வேலை செய்யிற ஆள், கிரைண்டர், ட்ரில், ஜிக்சோ எல்லாம் சொந்தமா இரிக்கி. பைபர் வேலைதான் பழக்கமில்ல. 15 குதிரை எஞ்சின் ஒண்டு போட்டு மட்டக்களப்பு வாவிக்குள்ள தூண்டில் போடவும் பிள்ளையள ஏத்திக்கொண்டு பாலமீன்மடுப் பக்கம் போய் வரவும் காணும், ஆழ்கடலுக்குப் போற எண்ணமில்ல. ஹார்ட்வெயார்ல கேட்டா "வெடிப்புக்கு கார்ப் பொடிக்கு அடிக்கிற பில்லர அப்பி, தேச்சி, ரெண்டு கோட் பெயின்ட் அடி தம்பி, புதுசு மாதிரி வரும்" எண்டுறாங்க. அது சரியா? பைபர ஒட்டுற ரெசின் எது வாங்குற? சீற்றுக்குக் கீழ மிதக்கிறதுக்கு ரெஜிபோம் (பெட்டிக்குள்ள வாற வெள்ளைப் போம்) வெட்டி வெச்சி மூடலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனை_மச்சான்:

மச்சான், உண்மையச் சொன்னா கோவிக்காத. பிரிச்சிப் பாத்தா அதில மிஞ்சப்போறது ஓடு மட்டும்தான். ரெசின், மெட் (பைபர் நூல் விரிப்பு), பிளைவுட், அசிட்டோன், டிஸ்க் எண்டு ஒவ்வொண்டா வாங்க வாங்கத்தான் கணக்குத் தெரியும். 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ண 87 ரூவாயில இருந்து ஒரே நாளில 340 ஆன நேரம் எங்கட பக்கம் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரையெல்லாம் கன பேர் போட்டக் கரையில ஏத்தினவங்க, அதில சில பேர் திரும்ப இறக்கவேயில்ல. விசாரிச்சா நல்ல ஓட்டோட ஒண்டு தேடி எடுக்கலாம். வேலைக்குச் செலவழிக்கிற காச அதில போடு.

மாமாட போட் எண்ட பாசத்துக்காகச் செய்யிறெண்டா அது வேற கதை, செய். ஆனா காசு மிச்சம் பிடிக்கலாம் எண்டு நினைச்சி இறங்காத.

பைபர்நானா_வாழைச்சேனை:

தம்பி, மச்சான் சொல்றதில பாதி சரி. மத்தப் பாதிக்கு போட்டப் பாக்காம ஒருத்தரும் தீர்ப்புச் சொல்ல ஏலா. நான் துறைமுகத்துப் பக்கம் பைபர் வேலைதான் செய்யிறன், ஒருநாள் போட்டும் வரும் பலநாள் போட்டும் வரும். வார ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிறது பெயின்ட்டப் பத்தி. பெயின்ட் கடைசி வேலை. நீங்க எழுதினதுல எனக்குப் பயம் தந்தது ரெண்டே ரெண்டு விஷயம், போல்ட் ஓட்டையால வார மண்ணிறத் தண்ணியும் அந்தப் பாரமும். வெடிப்பும் மா ஒட்டுறதும் ஒரு பெரிய விஷயமே இல்ல, அது வெயில் தின்ன தோல்.

பைபர் உக்காது, அதுக்குள்ள வெச்ச மரம்தான் உக்கும். உங்கட பின்பலகை எண்டுறது வெளியால ஒரு பைபர்த் தோல், நடுவுல பிளைவுட், உள்பக்கம் இன்னொரு பைபர்த் தோல். எஞ்சின் பூட்ட ஓட்டை அடிச்சவங்க ஓட்டையிட உள்பக்கத்துக்கு ரெசின் பூசாம போல்ட்ட இறுக்கினா அந்த வழியாத் தண்ணி உள்ளுக்குப் போய் பலகை அதக் குடிக்கும். அடியில தண்ணி வடிக்கிற ஓட்டை இரிக்கே, அதுவும் அதே மாதிரித்தான், எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு முக்கால்வாசிப் பலகை உக்கத் தொடங்கிற இடம் அதுதான். வெளியால பாத்தா ஒண்டும் தெரியா. ஸ்க்ரூட்ரைவர்ட கைப்பிடியால ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் வரைக்கும் தட்டிக்கொண்டு போங்க, நல்ல இடம் டொக் டொக் எண்டு கேக்கும், கெட்ட இடம் பொத் பொத் எண்டு செத்த சத்தம் வரும். மறுகா உள்பக்கத்தால, வெளிப்பக்கத்தால இல்ல, 5 எம்.எம் பிட்டால அடியில ரெண்டு மூண்டு இடத்துல ட்ரில் பண்ணுங்க. வெளித்தோலுக்குப் போகமுன்ன நிப்பாட்டணும். வார தூள் காய்ஞ்சி வெளிறின நிறமெண்டா அல்ஹம்துலில்லாஹ், கறுத்து ஈரமா பிட்டுல சுத்திக்கொண்டு வந்தா பலகை போச்சு.

பாரத்துக்குக் காரணம் அனேகமா சீற்றுக்குக் கீழ அடைச்ச போம். நிமிந்தபடி தண்ணியோட கிடந்த போட்டுக்கு அந்தப் போம் வருஷக்கணக்கா ஊறியிருக்கும், வெயில்ல வெச்சாலும் காயாது, வெட்டி எடுத்து எறியத்தான் வேணும்.

கார்ப் பில்லர் கதைய விட்டிருங்க. அது தகரத்துக்குச் செஞ்சது, அதுக்குள்ள இரிக்கிற பவுடர் தண்ணிய உறிஞ்சும். தண்ணிக்குக் கீழ வார இடத்துக்கு அத அப்பினா அடுத்த சீசனுக்குக் கட்டி கட்டியாக் கழண்டு வரும்.

ரெஜிபோமுக்கும் சொல்லிர்றன், அதுக்கு மேல பொலியெஸ்டர் ரெசின் ஊத்தினா ஒரு நிமிஷத்துல கரைஞ்சி குழியா இறங்கும். ரெசினுக்குள்ள இரிக்கிற ஸ்டைரின்தான் அந்த வேலையச் செய்யிறது. பெற்றோல் பட்டாலும் கரையும், எஞ்சின் டேங்க் வெச்சிரிக்கிற போட்டுக்குள்ள அது எதுக்கு? கண்ணால பாக்கணும் எண்டா ஒரு சின்னத் துண்டுல ஊத்திப் பாருங்க.

முதல்ல ட்ரில் பண்ணிப் பாத்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் ஒரு சதமும் செலவழிக்காதீங்க.

மொன்றியல்_மட்டக்களப்பான்:

நான் ஆரையம்பதி, இப்ப கனடா. இஞ்ச எண்ட வேலையே வார இறுதியில பழைய போட் வாங்கித் திருத்துறதுதான், மனிசி ஏசுறது வேற கதை. நானா சொன்ன எல்லாம் சரி, ஒண்டு மட்டும் சேக்கிறன். தம்பி, ஏலுமெண்டா எபொக்ஸி ரெசின் பாவியுங்க. காய்ஞ்ச பழைய பைபருக்கு மேல பொலியெஸ்டர் பிடிக்கிறத விட எபொக்ஸி பல மடங்கு நல்லாப் பிடிக்கும். பொலியெஸ்டர் பழைய தோலோட வேதியல் முறையில ஒட்டாது, நீங்க சொரசொரப்பாக்கின பள்ளத்தப் பிடிச்சிக்கொண்டுதான் நிக்கும். தண்ணி ஊடுறுவுறதும் எபொக்ஸியில குறைவு, ஸ்டைரின் மணமும் இல்ல.

இஞ்ச பின்பலகை ஈரமா இருந்தா விசயம் இன்னும் மோசம், குளிருக்குத் தண்ணி உறைஞ்சி விரிஞ்சி தோல ரெண்டாப் பிரிச்சிரும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, அந்த வகையில நீங்க குடுத்துவெச்ச ஆக்கள். அடிப்பக்கத்துல சின்னச் சின்னக் கொப்புளம் இரிக்கா எண்டும் பாருங்க. ஒண்டக் குத்திப் பாத்தா வினாகிரி மணத்தோட தண்ணி வந்தா ஜெல்கோட்டுக்குப் பின்னால தண்ணி போயிருக்கு எண்டு அர்த்தம், அந்த இடத்தத் திறந்து, நல்ல தண்ணியால கழுவி, நல்லாக் காயவிட்டுத்தான் மூடணும்.

பைபர்நானா_வாழைச்சேனை:

மொன்றியல் தம்பி சொல்றது பிழையில்ல, ஆனா இஞ்ச எபொக்ஸி வாங்குற விலைக்கு இவர் பாதிப் போட் வாங்கலாம். போட் முழுக்கப் பொலியெஸ்டர்லதான் செஞ்சிரிக்கி, இத்தன வருஷம் வெயில்ல கிடந்தும் ஓடு நிக்கிது. ஒழுங்கா கிரைண்ட் பண்ணி ஒட்டினா பொலியெஸ்டர் காணும், எங்கட கரையில ஓடுற போட் எல்லாம் அப்பிடித்தான் திருத்துப்பட்டு ஓடுது. எபொக்ஸி வாங்க வசதி இருந்தா பலகைக்கு மட்டும் பாவிங்க. அப்பிடிப் பாவிச்சா ரெண்டு விஷயம் மனசில வெச்சிக்கொள்ளணும். நாங்க பாவிக்கிற வெட்டுநூல் மெட்டுல நூலுகள ஒட்டி வெச்சிரிக்கிற பசை ஸ்டைரின்லதான் கரையும், எபொக்ஸியில கரையாம விறைச்சி நிக்கும், அதுக்கு நெய்த துணிதான் வேணும். மத்தது, பொலியெஸ்டருக்கு மேல எபொக்ஸி போடலாம், எபொக்ஸிக்கு மேல பொலியெஸ்டரோ ஜெல்கோட்டோ போட்டா ஒழுங்கா இறுகாம பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும்.

பாலமீன்மடு_கடலோடி:

மகன், நான் ரெசின் மெட் ஒண்டும் விளங்காத ஆள். ஆனா போட் கரையில இழுத்து இழுத்தே வயசு போனவன். அடியில நூல் தெரியிதெண்டு ஒரு வரியில எழுதிட்டுப் போறாய், அது லேசான விசயமில்ல. மணல்ல இழுக்கிற போட்டுக்கு முதல்ல தேயிறது அந்த நடு முதுகுதான். அதில நூல் தெரிஞ்சா நூல் வழியாத் தண்ணி உள்ளுக்கு ஏறும், புறகு ஒருநாள் ஒரு கல்லில ஏறினா கிழியும். போட்டக் கவுத்து வெச்சி அந்த இடத்துக்கு மொத்தமா நாலு அஞ்சு படை போடு. அதுக்கு மேல தேய்ஞ்சா தேயட்டும் எண்டு ஒரு பட்டியும் அடிச்சிவிடு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அந்தப் பட்டிய மட்டும் மாத்தலாம்.

சுனாமிக்குப் புறகு வந்த போட் எல்லாம் ஒரே தரமில்ல. சிலது நல்ல மொத்தம், சிலது வெயில்ல பிடிச்சுப் பாத்தா அங்கால நிழல் தெரியும். உன்டது எந்த வகை எண்டு வெயில் நேரத்துல உள்ளுக்கு ஆளப் படுக்க வெச்சி, கவுத்துப் போட்டுத்தான், பாரு.

காலமும் முக்கியம். கச்சான் காத்து அடிக்கிற நேரத்துல வேலையத் துவங்கு, அந்தக் காத்துக்கு எதுவும் காயும். ஐப்பசி பிறந்தா மழை, அதுக்குப் புறகு தை மாசி வரைக்கும் உன்னால ஒண்டும் ஒட்ட ஏலாது, அந்த நேரத்துல வாவியும் பெருகி முகத்துவாரம் வெட்டிவிடுவாங்க. சோதிச்சுப் பாக்கக் கொண்டுபோறெண்டா கல்லடிப் பாலத்துக்கு உள்ளுக்குள்ளயே ஓட்டு, முகத்துவாரத்துப் பக்கம் முதல் நாள் வராத. வெளிச்சவீட்டடியில நிண்டு பாத்தா அமைதியாத்தான் தெரியும், நீரோட்டம் இழுக்கிறது ஏறி நிண்டாத்தான் விளங்கும். பிள்ளையளுக்கு லைப் ஜாக்கெட் இல்லாம ஏத்தவும் வேணாம்.

மாமாட பேர்ல பதிவு இருக்கா? தூண்டில் போடப்போறாய் எண்டா கடற்றொழில் திணைக்களத்துல பதிவு வேணும், மாமா வெளிநாட்டுல இருந்தாலும் கடிதம் ஒண்டு எழுதி வாங்கி வெச்சிக்கொள். வேலை முடிச்சிட்டு அலையாத, முதல்லயே போய்க் கேட்டுக்கொள்.

கல்லடிப்பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. நானா சொன்ன மாதிரி ட்ரில் பண்ணிப் பாத்தன். மேல, எஞ்சின் கிளாம்ப் இறுக்கிற விளிம்புக்குக் கிட்ட அடிச்ச ஓட்டையில தூள் காய்ஞ்சுதான் வந்த, கொஞ்சம் சந்தோசப்பட்டன். நடுவில அடிச்சா கபில நிறம், கையில ஒட்டுது. அடியில, தண்ணி வடிக்கிற ஓட்டைக்குப் பக்கத்துல, பிட் எதிலயும் முட்டாம உள்ளுக்குப் போன மாதிரி இருந்த, வெளிய எடுத்தா கறுப்பு நிறத்துல தேத்தண்ணியில ஊறின ரஸ்க் மாதிரி கூழ், மணம் தாங்க ஏலாது. ஓட்டையால தண்ணி சொட்டத் தொடங்கி அடுத்த நாள் காலமையும் சொட்டிக்கொண்டுதான் இருந்த.

முன் சீற்றையும் ஒரு பக்கம் ஜிக்சோவால திறந்தன். மஞ்சள் போம், அமத்தினா தண்ணி ஓடுது. மணிவெட்டியால வெட்டி வெட்டி எடுத்து உரப்பையில போட்டா ஒரு பைய ஒரு ஆள் தூக்க ஏலாம இருந்த. அடுத்த சீற்றையும் திறக்கத்தான் வேணும்.

ஐயா சொன்ன வெளிச்சச் சோதனையும் பாத்தன். எங்கட மச்சினன உள்ளுக்குப் படுக்க வெச்சி கவுத்துப் பாத்தம், அடி முழுக்க இருட்டாம், பக்கச் சுவர்ல ஒரு இடத்துல மட்டும் மங்கலா வெளிச்சம் தெரியிதாம். கொப்புளம் ஒண்டும் இல்ல.

ஆக ஓடு நல்லம், பலகை போச்சு. செய்யிறதெண்டு முடிவெடுத்திட்டன், கல்முனை மச்சான் மன்னிக்கணும். இப்ப பலகைய எப்பிடி மாத்துற? வெளிப்பக்கத்தால வெட்டுறதா உள்பக்கத்தாலயா? ரெசின் எவ்வளவு நேரத்துக்குள்ள இறுகும்?

கல்முனை_மச்சான்:

மன்னிப்பெல்லாம் எதுக்கு. சீற்றுக்குக் கீழ போட எண்ட வீட்டுல சோடாப் போத்தல் ஒரு மூட்டை கிடக்கு, மூடி இறுக்கினது. ரெஜிபோமுக்குப் பதிலா அத அடுக்கி மூடலாம் எண்டு எங்கட பக்கம் செய்யிறவங்க, ஒண்டு ஓட்டையானாலும் மத்தது நிக்கும். வந்து எடுத்துக்கொள்.

பைபர்நானா_வாழைச்சேனை:

போத்தல் நல்ல யோசனை, வெயில் படாம மூடிட்டா வருஷக்கணக்கா நிக்கும். சீற்றுப் பெட்டியில தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டையும் வைங்க, மூடி வெச்சா திரும்பவும் உள்ளுக்குத் தேங்கும்.

இனிப் பலகைக்கு வாரன். உள்பக்கத்தால வெட்டுங்க. வெளித்தோல் இரிக்கட்டும், அதுதான் உங்களுக்கு அச்சு. ஆனா வெட்டமுன்ன ஒரு வேலை இரிக்கி, அத விட்டா எல்லாம் கோணும். போட்ட நிமித்தி அடிக்கு ரெண்டு மூண்டு இடத்துல மட்டமா முட்டுக் குடுத்து, பின்பக்கத்துல ரெண்டு பக்கச் சுவருக்கும் குறுக்கால ஒரு பலகை வெச்சி ஸ்க்ரூ பண்ணிருங்க. பின்பலகை போனா போட்ட இறுக்கிப் பிடிக்க ஒண்டும் இல்ல, சுவர் ரெண்டும் வெளிப்பக்கம் விரியும், விரிஞ்ச நிலையிலயே புதுப் பலகைய ஒட்டிட்டா போட் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் ஓடும்.

மத்தது, பழைய பலகைய எடுக்கமுன்ன உயரத்த அளந்து வெளித்தோல்ல கோடு போட்டு வைங்க. குட்டைக்கால் எஞ்சினுக்கு 15 இஞ்சி, நீளக்கால் எஞ்சினுக்கு 20 இஞ்சி. நீங்க வாங்கப்போற எஞ்சின் எது எண்டு இப்பவே முடிவெடுக்கணும். எஞ்சின் பூட்டினா காத்தாடிக்கு மேல இரிக்கிற தட்டு போட்டுட அடிமட்டத்தோட நேரா, இல்லாட்டி ஒரு இஞ்சிக்குள்ள கீழ நிக்கணும். அதுக்கு மேல போனா காத்து இழுத்து எஞ்சின் சும்மா கத்தும், போட் நகராது.

உள்தோல விளிம்புல இருந்து ரெண்டு மூண்டு இஞ்சி விட்டு வெட்டி எடுங்க, அந்த விட்ட விளிம்புதான் புதுப் படை ஏறுற இடம். பலகைய உளியாலயும் கிரைண்டராலயும் சுரண்டி வெளித்தோல் தெரியிற வரைக்கும் எடுங்க, கறுப்பு ஒரு புள்ளியும் மிஞ்சக் கூடா. மறுகா அவசரப்படாதீங்க. கச்சானுக்கு நல்லாக் காயவிடுங்க, ராவைக்குப் பனி விழாம படங்கால மூடி காலமை திறந்து விடுங்க.

புதுப் பலகைக்கு மெரைன் பிளைவுட், பி.எஸ் 1088 எண்டு முத்திரை இரிக்கிறதா பாத்து வாங்குங்க, கதவுக்குப் பாவிக்கிற பிளைவுட் வேணாம். 18 எம்.எம் ரெண்டு துண்டு, ரெண்டையும் நடுவுல ஒரு படை மெட் வெச்சி ரெசினால ஒட்டி 36 எம்.எம் ஆக்கணும். வெட்டின விளிம்பு எல்லாத்துக்கும் ரெசின் குடிக்கிற அளவுக்குப் பூசுங்க, பிளைவுட் தண்ணி குடிக்கிறது விளிம்பாலதான். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவுல வெறும் ரெசின் காணா, ஈர மெட் ரெண்டு படையும் அதுக்கு மேல சிலிக்கா பவுடர் கலந்து கட்டியாக்கின ரெசினும் தடவி பலகைய வெச்சி அமத்தணும். அமத்த பழைய போல்ட் ஓட்டையையே பாவிங்க, ரெண்டு பக்கமும் மரத்துண்டு வெச்சி நீள போல்ட்டால இறுக்கினா சுத்தி வர ரெசின் பிதுங்கி வரும், எல்லாப் பக்கமும் பிதுங்கினாத்தான் உள்ளுக்குக் காத்து இல்லெண்டு அர்த்தம். போல்ட்டுக்கு கிரீஸ் பூசி விடுங்க, இல்லாட்டி அதுவும் சேந்து ஒட்டிரும்.

இறுகினாப் புறகு பலகையும் சுவரும் சேர்ற மூலைய கட்டி ரெசினால வளைவா நிரப்புங்க, செங்கோண மூலையில மெட் மடிஞ்சி படுக்காது, பின்னால காத்துப் பிடிக்கும். அதுக்கு மேல 450 மெட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்), ரோவிங் (தடிச்ச நெய்த பைபர் துணி), திரும்ப 450 மெட் எண்டு மாறி மாறி. ஒவ்வொரு படையும் முந்தினத விட கொஞ்சம் அங்கால சுவர்ல ஏறணும். 450 மெட் ஒரு படை ஏறக்குறைய 1 எம்.எம் வரும், அத வெச்சிக் கணக்குப் பாருங்க. ஒரே நேரத்துல மூண்டு நாலு படைக்கு மேல போடாதீங்க, சூடு கூடி வெளிறி வெடிக்கும். மெட்டுட பாரத்தப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் போதும். பளபளப்பாத் தெரியணும் எண்டு ஊத்திக்கொண்டே போற ஆக்கள் இரிக்காங்க, கூடின ரெசின் பாரமும் உடையிற குணமும்தான் தரும். இரும்பு ரோலரால காத்துக் குமிழ் போற வரைக்கும் உருட்டுறதுதான் உண்மையான வேலை.

சுவர்ல வெளிச்சம் தெரிஞ்ச இடத்துக்கு உள்பக்கத்தால 40ஆம் நம்பர் டிஸ்க்கால சொரசொரப்பாக்கி ரெண்டு படை. ஓட்டையோ கிழிசலோ இருந்தா சுத்திச் சரிவா கிரைண்ட் பண்ணணும், தோல் 6 எம்.எம் மொத்தமெண்டா சரிவு சுத்திவர மூண்டு இஞ்சியளவு வரும், 12க்கு 1 எண்டு கணக்கு. நடு முதுகுக்கு பாலமீன்மடு ஐயா சொன்ன பட்டியக் கட்டாயம் போடுங்க, அவர் விளங்காத ஆள் எண்டு சும்மா சொல்றார்.

இறுகிற நேரம் கேட்டீங்க. ஒரு கிலோ ரெசினுக்கு ஹாட்னர் (ரெசின இறுக வைக்கிற மருந்து) 10 மில்லியில இருந்து 20 மில்லி, அதாவது நூத்துக்கு ஒண்டுல இருந்து ரெண்டு. எங்கட சூட்டுக்கு ஒண்டே காணும், அதிலயும் பகல் வெயில்ல கால் மணி நேரத்துல டின்னுக்குள்ளயே கட்டியாகும். அதனால ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல கலக்காதீங்க, கிடுகுக் கொட்டில் ஒண்டு போட்டு நிழல்ல செய்யிங்க. காலமை பனி காய்ஞ்சாப் புறகு துவங்கினா நல்லம். மிஞ்சின ரெசின் டின்னுக்குள்ள புகைக்கத் தொடங்கினா கையில வெச்சிக்கொண்டு நிக்காம மணல்ல கொட்டிருங்க.

இத மட்டும் கவனமா வாசிங்க தம்பி. சில ரெசினுக்கு கோபால்ட் (இறுகிறத வேகமாக்கிற மருந்து) கலந்துதான் வரும், சிலதுக்கு நாங்க கலக்கணும், வாங்குற இடத்துல கேளுங்க. கலக்கிறெண்டா முதல்ல கோபால்ட்ட ரெசினுக்குள்ள நல்லாக் கலக்கி முடிச்சிட்டு, மறுகாதான் ஹாட்னர். கோபால்ட்டும் ஹாட்னரும் ஒண்டோட ஒண்டு நேராப் பட்டா வெடிக்கும். ரெண்டுக்கும் ஒரே அளவுக் குவளையப் பாவிக்கவும் கூடா. ஹாட்னர் கண்ணுல தெறிச்சா பார்வை போகும், கண்ணாடி போடாம மூடியத் திறக்காதீங்க, பட்டா உடனே தண்ணியால கால் மணி நேரத்துக்குக் குறையாமக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஹாட்னர் துடைச்ச சீலைய சுருட்டி மூலையில எறியாம தண்ணியில நனைச்சி வெளிய போடுங்க, தானாப் பத்தும். கிரைண்ட் பண்ற நேரம் முழுக்கை சேர்ட், மாஸ்க். ஒட்டுற நேரத்துக்குத் துணி மாஸ்க் சரிவராது, மணத்த உறிஞ்சிற கரிப் பில்டர் போட்டது வேணும். பிள்ளையள அந்த வளவுப் பக்கம் விடாதீங்க. தூள் பட்டுக் கடிச்சா சொறியாம பச்சைத் தண்ணியில குளிங்க.

மொன்றியல்_மட்டக்களப்பான்:

நானாட பதில வாசிச்சாப் புறகு எனக்கு எழுத ஒண்டும் மிச்சமில்ல. ஒண்டே ஒண்டு, புதுசா எஞ்சின் போல்ட் ஓட்டை அடிக்கிற நேரம் தேவைக்கு மேல பெருசா அடிச்சி, கட்டி ரெசினால முழுக்க நிரப்பி, இறுகினாப் புறகு அதுக்கு நடுவால சரியான அளவுல திரும்ப அடியுங்க. அப்ப போல்ட்டச் சுத்தி ரெசின் மட்டும்தான் இரிக்கும், மரத்தத் தண்ணி காணவே காணாது. வடிக்கிற ஓட்டைக்கும் அப்பிடியே.

கல்லடிப்பொடியன்:

நானா, மொன்றியல் அண்ணன், கோடி நன்றி. எஞ்சின் மாமாட கூட்டாளி ஒருத்தர்ட 15 குதிரை குட்டைக்கால் ஒண்டு இரிக்கி, மண்ணெண்ணயில ஓடுறது, கியர் எண்ணெயத் திறந்து பாத்தன் பால் மாதிரி வெள்ளையா இல்ல, அப்ப சீல் சரிதானே? அதால 15 இஞ்சி எண்டு கோடு போட்டுட்டன். குறுக்குப் பலகையும் அடிச்சாச்சு. கொட்டிலுக்கு கிடுகு சொல்லியிருக்கன். இஞ்ச 450 மெட் கிலோக் கணக்குல வெட்டித் தாறாங்க இல்ல, முழு ரோல் எடுக்கச் சொல்றாங்க, அவ்வளவு எனக்குத் தேவையில்லையே.

பைபர்நானா_வாழைச்சேனை:

எண்ணெய் வெள்ளையாகல்ல எண்டா சீல் நல்லம். தண்ணி இறைக்கிற ரப்பர் இம்பெல்லர மட்டும் மாத்துங்க, கிடந்த எஞ்சினுக்கு அது விறைச்சிப் போயிருக்கும். நிப்பாட்டமுன்ன பெற்றோலுக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு நிப்பாட்டுங்க, கார்பரேற்றர்ல மண்ணெண்ண தங்கினா அடுத்த நாள் ஸ்டார்ட் எடுக்கிறது கஷ்டம்.

ரோல் எடுக்க வேணாம். எண்ட பட்டறையில ரோல்ல மிஞ்சின துண்டு 450உம் ரோவிங்கும் கிடக்கு, உங்கட பலகைக்கும் முதுகுக்கும் காணும். வெள்ளிக்கிழமை பூட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குப் புறகு வாங்க. மெட்ட பஸ்ஸுல மடிச்சிக் கொண்டுபோகாம சுருட்டிக் கட்ட பெரிய பொலித்தீன் ஒண்டும் கொண்டு வாங்க, நனைஞ்சா வேலைக்கு உதவாது.